மூன்று ஊக்கு நட்சத்திரம்

போர்ட் பிளேயரில் ஹேடோ துறைமுகக் குடியிருப்பின் சமூகக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போர்வை தைக்கக் கூடும் பெண்களுக்கு மரகதம் சொன்னதுதான் சட்டம். ‘உனக்கு இது வராது’ என்று அவள் சொல்லிவிட்டால் வராதுதான். வீம்புக்கு எடுத்துக்கொண்டுபோய்த் தைத்தவர்கள், கொஞ்ச நாள் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கோணல்மாணலாக எதையாவது கொண்டுவந்து நீட்டுவார்கள். “நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?” என்று மரகதம் கேட்பாள். அப்படிக் கேட்பதில் அவளுக்கு ஒரு தனி ருசி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

போர்வை என்றால் கடையில் மடித்து வைத்திருக்கும் கம்பளி இல்லை. பல நிறத் துணிகளைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்துத் தையல் ஓட்டுகிற ஒட்டுப் போர்வை. பேங்கில் வேலை பார்க்கும் ரூபா என்ற பெண், இன்டர்நெட்டில் கிடைக்கும் மாதிரிகளை அச்சடித்துக் கொண்டுவருவாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் மரகதம் ஊக்கு குத்துவாள். ஒரு ஊக்கு என்றால் யாரும் தைக்கலாம். இரண்டு என்றால் கை பழகியவர்கள் தைக்கலாம். மூன்று ஊக்கு குத்திய தாளை அவளைக் கேட்காமல் தொடக்கூடாது.

இந்தக் கெடுபிடிக்கும் காரணம் இருந்தது. கூட்டம் ஆரம்பித்த புதிதில் ஆளாளுக்குப் படத்தைப் பார்த்து மயங்கி, இருப்பதிலேயே கஷ்டமானதைத் தூக்கிக்கொண்டுபோய் நல்ல நல்ல துணியையெல்லாம் கந்தலாக்கினார்கள். மெயின்லேண்ட் என்றால் தெருமுனைக் கடையில் இன்னொரு மீட்டர் கிழித்து வாங்கிக்கொள்ளலாம். இங்கே துணி கப்பலில் வர வேண்டும். தீர்ந்துபோன ரோஸ் நிறம் அடுத்த கப்பலிலும் வரும், ஆனால் அதே ரோஸாக வராது. பாதிப் போர்வை ஒரு ரோஸும் மீதி இன்னொரு ரோஸுமாகப் போய், திபாலி என்ற வங்காளிப் பெண் கூடத்திலேயே உட்கார்ந்து அழுதாள். அதற்கப்புறம்தான் ஊக்கு வந்தது.

“துண்டு எத்தனைன்னு எண்ணாதீங்கடி,” என்பாள் மரகதம். “எத்தனை முனை ஒரே இடத்துல வந்து சேருதுன்னு பாருங்க. நேரா வெட்டின துணி சொன்ன பேச்சு கேக்கும், குறுக்கா வெட்டினது இழுத்த இழுப்புக்கு வரும். வளைவு வந்தா இன்னும் மோசம்.” இது மட்டுமில்லை. ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு கட்டத்தைத் தன் வீட்டு மெஷினில் தானே தைத்துப் பார்ப்பாள். ஒரே மூச்சில் நேராக வந்தால் ஒரு ஊக்கு. ஒருமுறை பிரித்துத் தைக்கவேண்டி வந்தால் இரண்டு. திரும்பத் திரும்பப் பிரிக்க வைத்தால் மூன்று. கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து குடியிருப்புப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்த கை அது. அதைவிட நம்பகமான அளவுகோல் போர்ட் பிளேயரில் வேறு எது இருக்கிறது என்று அவள் நினைத்தாள். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆனால் இந்த வருஷம் ஏனோ மூன்று ஊக்குத் தாள்கள் பெருகிக்கொண்டே போயின. புதிதாக வந்தது எதுவும் ஒரு ஊக்கில் நிற்கவில்லை.

“ஆன்ட்டி, நெட்ல இதை ஈஸின்னுதான் போட்டிருக்காங்க,” என்று ரூபா ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“போடுவான். அவனுக்கென்ன? ஏசி ரூம்ல உக்காந்து, பாதி வேலையை மெஷினே செஞ்சு குடுத்திருக்கும். நம்ம ஹால்ல இந்த டியூப் லைட் எரியிறதும் எரியாததும் ஒண்ணு. இப்ப வர்ற நூலும் மட்டம், ஊசியும் மட்டம். மாதிரியும் முன்ன மாதிரி இல்ல, வேணும்னே சிக்கலா போடுறாங்க.”

ரூபா அந்தத் தாளை மற்ற தாள்களோடு சேர்த்து அடுக்கினாள்.

அந்த மூன்று ஊக்குத் தாள்களில் ஒன்றுதான் எட்டுமுனை நட்சத்திரம். எட்டு சாய்சதுரங்கள், எட்டின் கூர்முனைகளும் நடுவில் ஒரே புள்ளியில் வந்து சேர வேண்டும். கடைசியில் பார்த்தால் அதைக் கேட்டவள் சுகுணா!

சுகுணா அக்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்காரி. அங்கன்வாடியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபெர்ரியில் சாத்தம் ஜெட்டியில் வந்து இறங்கி, அங்கிருந்து ஹேடோவுக்கு ஆட்டோ பிடிப்பாள். கூட்டத்திலேயே மரகதத்துக்கு ரொம்ப வேண்டியவள். மீன் குழம்பு வைத்தால் தூக்குச்சட்டியில் கொண்டுவருவாள். அதற்காக மரகதம் ஊக்கில் சலுகை காட்டவில்லை. சுகுணாவுக்கு அவசரக் கை என்று முதல் போர்வையிலேயே முடிவு கட்டி, அவளை ஒரு ஊக்கிலேயே நிறுத்தி வைத்திருந்தாள்.

“பானு கோயம்புத்தூர்ல நர்சிங் சேரப் போறாக்கா. வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி கப்பல். இந்த நட்சத்திரத்தைத் தைச்சுக் குடுத்து அனுப்பணும்னு ஆசை,” என்றாள் சுகுணா. பானு அவளுடைய ஒரே மகள். இதுவரை தீவைத் தாண்டித் தனியாகப் போனதில்லை.

“அரே, ஆசைப்பட்டா ஆச்சா? எனக்கே மூணு தடவை பிரிக்க வேண்டியதாப் போச்சு. உனக்கு வராது சுகுணா. ஒரு ஊக்குத் தாள்ல நாலு சதுரம் இருக்கு, அதைப் போட்டுக் குடு. அவளுக்கென்ன தெரியப்போகுது?”

“அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?” என்றாள் சுகுணா. அவள் குரல் அப்படிக் கறாராக வந்து யாரும் கேட்டதில்லை. தாளைத் தன் ஃபோனில் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை முடித்தே கொண்டுவந்துவிட்டாள். பஞ்சு வைப்பதும் அடித்துணி கொடுப்பதும்தான் பாக்கி. மேசை முழுக்க அதை விரித்ததும் பெண்கள் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கருநீலமும் வெள்ளையுமாக ஒரே ஒரு பெரிய நட்சத்திரம். “ஹாய், கித்னா சுந்தர்! எவ்வளவு அழகு!” என்று திபாலி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். சுகுணாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மரகதம் குனிந்து பார்த்தாள். நடுப்புள்ளி அவளுக்கு ஒரே புள்ளியாகத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். ஒரு முனை பக்கத்து முனையைவிட்டு நழுவி நிற்பதுபோல்தான் இருந்தது.

“நழுவியிருக்கு. இந்த நீலம் நழுவியிருக்கு,” என்றாள்.

“இல்லக்கா. தடவிப் பாருங்க.”

“எனக்கே தடவக் கத்துக்குடுக்கிறியா?”

கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முனை சேராத தையலைக் கண்டால் மரகதமே பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். அதை உதவியாகத்தான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கும் அந்தப் பழக்கத்தில் ரவிக்கைத் தையல் பிரிக்கும் பாதி பிளேடைக் கையில் எடுத்தாள். “தீதி, சோடோ நா, விட்டுடுங்க,” என்று திபாலி இழுத்தாள். மரகதம் காதில் வாங்கவில்லை. பிளேடு முனையைத் தையலுக்குள் விட்டு இழுத்தாள். நூல் அறுபடும் சின்னச் சத்தத்துக்குப் பதிலாகத் துணி கிழிபடும் சத்தம் வந்தது. கருநீலச் சாய்சதுரம் ஒரு விரல் நீளத்துக்கு வாயைப் பிளந்துகொண்டது.

சுற்றி நின்ற பெண்களின் முகத்தில் அதிர்ச்சிகூட இல்லை என்பதை மரகதம் பார்த்தாள். என்றைக்காவது இது நடக்கும் என்று தெரிந்தவர்கள்போல நின்றார்கள்.

“பிளேடு பழசு, அதான். குடு, நானே சரிபண்ணித் தர்றேன்,” என்றாள். சுகுணா போர்வையைக்கூடக் கேட்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஃபெர்ரிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

மறுநாள் காலை நல்ல வெயில். மரகதம் பால்கனியில் பாயை விரித்து, போர்வையின் மேல்துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மாற்றுத் துண்டு வைப்பதற்கு முன்னால் நழுவிய முனையைச் சேர்த்துவிடலாம் என்று, அந்த முனையின் தையலைப் பிரித்து மெஷினில் கொடுத்து ஓட்டினாள். பிறகு கட்டைவிரலால் நடுப்புள்ளியைத் தடவினாள். முனைகள் சரியாகச் சேர்ந்திருந்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும், நழுவியிருந்தால் முட்டும். இது அவளே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தது. சுகுணா தைத்த ஏழு முனையிலும் விரல் வழுக்கிக்கொண்டு போனது. இப்போது அவள் தைத்த இடத்தில் முட்டியது.

திரும்பத் தடவினாள். திரும்பவும் முட்டியது.

அவள் புருஷன் இராமகிருஷ்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். மத்தியான ஷிஃப்டுக்காக உள்ளே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, “இது நேரா இருக்கா, பாத்துச் சொல்லுங்க,” என்றாள்.

அவர் வந்து பார்த்தார். “உண்மையை இப்பவே சொல்லட்டுமா, இட்லியை முடிச்சுட்டுச் சொல்லட்டுமா?”

“சொல்லித் தொலைங்க.”

“அந்தப் பொண்ணு தைச்சது நேரா இருக்கு. நீ தைச்சது கோணல்.” போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். “கண் டாக்டர்கிட்ட போகலாம்னு பொங்கல்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன். வெளிச்சம் பத்தலை, வெளிச்சம் பத்தலைங்கிறே. எனக்குப் பத்துதே.”

மரகதம் எழுந்துபோய், இந்த வருஷம் தைத்துப் பார்த்த மாதிரிக் கட்டங்களையெல்லாம் பெட்டியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றாக விரலால் தடவினாள். பறவைக் கூட்டம் என்ற மாதிரி முட்டியது. வளைவு முட்டியது. கட்டை வீடு என்று பேர் வைத்திருந்தார்களே, பள்ளிக்கூடப் பிள்ளைகூடத் தைக்கும், அதுவும் முட்டியது. அதன் தாளிலும் அவள் மூன்று ஊக்கு குத்தியிருந்தாள். மாதிரிகள் எதுவும் கஷ்டமாகிவிடவில்லை. அவளுக்குத்தான் கண் மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அது தெரியாமல், தன்னால் முடியாததையெல்லாம் ‘யாராலும் முடியாது’ என்று ஊக்கு குத்தித் தள்ளியிருக்கிறாள்.

அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். கூடவே பயம். கண் போனால் தைப்பது போகும், தைப்பது போனால் அந்தக் கூடத்தில் அவள் யார்? பிளேடு பழசு என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று, அதையே பிடித்துக்கொள்ளலாம். கிழிந்ததைச் சரிசெய்து இராமகிருஷ்ணன் கையில் கொடுத்தனுப்பிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? கொஞ்ச நேரம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், பொய் சொல்வானேன். ஆனால் சுகுணா சொன்ன ‘தடவிப் பாருங்க’ காதைவிட்டுப் போகவில்லை. அன்றைக்கு ஒரே ஒரு தடவை விரலை வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? கருநீலத் துணி ஒன்றைத் தேடி எடுத்து, போர்வையோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டு சாத்தத்துக்குக் கிளம்பினாள்.

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் இறங்கி மேடேறிப் போவதற்குள் மூச்சு வாங்கியது. சுகுணா அங்கன்வாடியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். “வாங்க,” என்றாள். அக்கா என்று சேர்க்கவில்லை. டீ போடட்டுமா என்று கேட்கவுமில்லை.

மரகதம் நின்றுகொண்டே சொன்னாள். “என் தையல்தான் கோணல், சுகுணா. உன்னுது நேராத்தான் இருந்துச்சு. நேரா இருந்ததைத்தான் கிழிச்சுட்டேன். பிளேடு மேல தப்பில்ல. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல.”

இதைச் சொல்லிவிட்டால் சுகுணா உருகிவிடுவாள் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தாள். சுகுணா உருகவில்லை.

“தெரியும்,” என்றாள்.

“என்ன தெரியும்?”

“உங்களுக்குக் கண்ணு சரியில்லைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆர்டர் வந்துச்சுன்னு குஷன் உறை தைச்சோமே, நீங்க தைச்சதையெல்லாம் நீங்க வீட்டுக்குப் போனதும் ரூபாவும் திபாலியும் உக்காந்து பிரிச்சுத் தைச்சாங்க. வெள்ளையும் சந்தனக் கலரும் மாத்தி மாத்தி வச்சிருந்தீங்க.”

மரகதம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண் மங்கியது தெரிந்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. “என்கிட்ட ஏன்டி யாரும் சொல்லல?”

“யாரு சொல்றது? வராதுன்னு எங்களுக்கு நீங்க சொல்லுவீங்க. உங்களுக்கு யாரு சொல்ல முடியும்? ரூபா ஒருநாள் வாயைத் திறந்தா. டியூப் லைட்டு, ஊசி, நூலுன்னு எல்லாத்து மேலயும் பழியைப் போட்டீங்க.” சுகுணாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “எனக்கு அவசரக் கைதான்க்கா, இல்லைன்னு சொல்லல. அது எப்பவோ. கை அப்படியேவா இருக்கும்? வருஷக்கணக்கா ஒரு ஊக்கு, ஒரு ஊக்குன்னு நீங்க சொல்லிச் சொல்லி, எனக்கு அவ்வளவுதான்னு நானே நம்பிட்டேன். பானு போறாளேன்னுதான் துணிஞ்சு எடுத்தேன். என் வாழ்க்கையில முதல் தடவையா கஷ்டமான ஒண்ணு எனக்கு நல்லா வந்துச்சு. அதை எல்லார் முன்னாடியும் வச்சுக் கிழிச்சீங்களே!”

மரகதம் பையைத் திறந்து துணியை எடுத்து நீட்டினாள். “இதே கருநீலம். என்கிட்ட இருந்துச்சு. கிழிஞ்ச துண்டை எடுத்துட்டு இதை வச்சிரு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிரும்.”

சுகுணா துணியை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள். கோபம் அவள் முகத்திலிருந்து மெதுவாக இறங்கியது.

“அக்கா, இது பச்சை.”

“பச்சையா?”

“கரும்பச்சை. பாட்டில் பச்சை.”

மரகதம் அதைத் திரும்ப வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தள்ளி வைத்து, வெயிலில் காட்டிப் பார்த்தாள். அவளுக்கு அது நீலமாகவே இருந்தது. அப்போதுதான் அவள் அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல விசும்பி விசும்பி அழுதாள். சுகுணா அவளைத் தேற்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அழுது முடியும்வரை அங்கேயே இருந்தாள்.

அப்புறம் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். கருநீலம் அவளிடமும் இல்லை, கடையிலும் தீர்ந்துவிட்டது. அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தால் பானு கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்திருப்பாள். கிழிந்த துண்டைப் பிரித்து எடுத்துவிட்டு, வேறு வழியில்லாமல் அந்தப் பச்சையையே அளவாக வெட்டினாள். மெஷினுக்குப் போகாமல் கையாலேயே தைத்தாள். மரகதம் ஊசியில் நூலாவது கோத்துக் கொடுக்கலாம் என்று எடுத்தாள். நூல் ஊசிக்காதின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனதே தவிர உள்ளே நுழையவில்லை. சுகுணா ஊசியை வாங்கித் தானே கோத்துக்கொண்டாள். முனையோடு முனையை வைத்து, குண்டூசி குத்தி, நடுவிலிருந்து வெளியே போகிற சின்னச் சின்னத் தையலாக ஓட்டினாள். அந்தக் கையில் அவசரம் என்பதே இல்லை. மரகதம் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது எப்போது மாறியது, நான் எங்கே இருந்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

முடித்ததும் சுகுணா போர்வையை அவள் மடியில் போட்டாள். மரகதம் கட்டைவிரலால் தடவினாள். எட்டு முனையிலும் விரல் வழுக்கிக்கொண்டு போனது. பார்க்க அழகாக இருந்ததா என்றால், இல்லை. ஏழு கருநீலமும் வெள்ளையுமாக இருக்க ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு பச்சை. ஆனால் தையலில் ஒரு குறை சொல்ல முடியாது.

“நீ மூணு ஊக்குக்காரி, சுகுணா,” என்றாள்.

“இதை ஹால்ல வந்து சொல்லுங்க. இங்க யாரு கேக்குறா?”

“சொல்றேன். ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்றேன். டாக்டர்கிட்டயும் போறேன்.” பிறகு கேட்டாள். “இப்ப எனக்கு எது வரும்? நீயே சொல்லு. மனசுக்காகச் சொல்லாதே.”

சுகுணா அலமாரியிலிருந்து ரூபா கொடுத்த மாதிரித் தாள்களை எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். இன்னொன்றைத் தனியாக எடுத்து வைத்து, யோசித்து, அதையும் திரும்ப அடுக்கில் சேர்த்தாள். மரகதத்தின் கையை ஒருமுறை பார்த்தாள். மரகதம் இத்தனை வருஷத்தில் யாருக்கும் பதில் சொல்ல இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

“நாலு சதுரம் போடுங்கக்கா,” என்று ஒரு தாளை நீட்டினாள் சுகுணா. “பெரிய சதுரமா. கறுப்பும் வெள்ளையுமா மட்டும்.”

“நாலு சதுரமா? எனக்கா?”

“உங்களுக்குத்தான்.”

மரகதத்துக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. எத்தனை பேருக்கு ரவிக்கை தைத்தவள், எத்தனை பேருக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு அடுத்த ஃபெர்ரியில் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போகவில்லை. தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்குக் கோபம் கோபமா வருது, சுகுணா.”

“வரட்டும்க்கா,” என்றாள் சுகுணா. “எங்களுக்கும் வந்துச்சு.”